பதினெட்டாம் மாடிக்காரி

தலைமையகத்திலிருந்து வந்தவர்
திரையில் அவளைக் காட்டினார்.
வயது இருபத்தொன்பது. பெயர்கூட வைத்திருந்தார்கள்: மிஸ் எம்.
பதினெட்டாம் மாடியில் வீடு, சோபாவில் நாய்,
வெள்ளிக்கிழமை சாயந்தரமானால்
கடல் அவளைக் கூப்பிடுமாம்.
அவளுக்காகத்தான் இந்தக் காடி.
அவள் கண்ணின் சாய்வு முன்விளக்குக்கு,
அவள் அலைப்பலகைக்காகப் பின்னிருக்கை மடியும்,
அவள் மனசு மாறமாற
உள்ளே ஏழு வண்ணத்தில் வெளிச்சம்.
இரண்டு கையிலும் பை இருந்தால்
பின்பம்பருக்குக் கீழே காலை ஆட்டினால் போதும்,
கதவு தானே எழும்.
நாங்கள் நாலு பேர் வரிசையில் நின்று
காலை ஆட்டிப் பழகினோம்.
எனக்கு மூன்றாவது தடவைதான் திறந்தது.

சிலிம் ரிவரில் பதினெட்டு மாடி ஏது?
உயரமென்றால் செம்பனை ஆலையின் புகைக்கூண்டு.
அதன் வாடை
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு
எங்கள் ஏர்கோனுக்குள்ளும் வந்து உட்காரும்.

முதல் வாரம் வந்தவர் குத்தகைக்காரர் தங்கப்பழம்.
முன்விளக்கைப் பார்க்கவே இல்லை.
மண்டியிட்டு, காடியின் வயிற்றுக்கடியில் கைவிட்டுச்
சாண் போட்டார்.
"பதினாறாங்கட்டை சடக்கில் மழை பெஞ்சா
இது மிதக்குமா, முழுகுமா?"
நூற்றுத் தொண்ணூறு மில்லிமீட்டர், அண்ணே.
"அதை விடு. குலை வெட்டுற கம்பு உள்ளே போகுமா?"
போகவில்லை.
தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் போனார்.

நிச்சயமான ஜோடி ஒன்று
வண்ண வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டது.
அவ்வளவுதான் அந்த மாதம்.

செவ்வாய் மத்தியானம் மரகதவல்லி,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சட்டையோடு.
கையில் நைலான் கயிறு, நாலு முடிச்சு.
முதல் முடிச்சைத் தரையில் மிதித்துக்கொண்டு
கயிற்றை மேலே இழுத்தாள்.
இரண்டாம் முடிச்சு
இருக்கை விளிம்பில் வந்து நின்றது.
"எங்க வீட்டுக்காரர் இடுப்பு" என்றாள்.
அந்த உயரத்துக்குக் கம்பெனி சொன்ன காரணம் வேறு:
ஓடிவிட்டு வரும் மிஸ் எம்
குனியாமல் ஏறி உட்கார.
மூன்றாம் முடிச்சு, மடக்கிய சக்கர நாற்காலி.
நாலாவது?
"அது திரைச்சீலைக்கு எடுத்தது."

கதவைப் பதினோரு முறை திறந்து மூடினாள்.
வாரம் மூன்று நாள் தஞ்சோங் மாலிமில் இரத்தம் கழுவணும்.
இங்கே இன்னும் இடம் விழவில்லை.
வாடகைக்காரன் போகவர எழுபது வெள்ளி,
மழையென்றால் போனை எடுக்கமாட்டான்.
லைசன் எடுத்துப் பதினாறு வருசமாச்சாம்,
ஓட்டினது மோட்டார் மட்டும்.

ஏழு வண்ணத்தைப் போட்டுக் காட்டினேன்.
"அணைச்சிடலாம்தானே?"
அணைக்கலாம்.
அலைப்பலகை மடிப்பைக் காட்டினேன்.
கயிற்றை விரித்துப் பார்த்தாள். நாலு விரல் மிச்சம்.
கடைசியில்தான் ஞாபகம் வந்தது அந்தக் கால் வித்தை.
"ரெண்டு கையும் வேலையா இருந்தா..." என்றேன்.
முடிக்க விடவில்லை.
காற்றில் நாற்காலியின் பிடியை
இரண்டு கையாலும் பிடித்தபடி
ஜப்பான் சிலிப்பர் காலை ஒரு வீச்சு வீசினாள்.
எழுந்தது கதவு,
முதல் தடவையிலேயே.

கடன் தாள் நீளம்.
ஒன்பது வருசம், மாதம் அறுநூற்றுப் பன்னிரண்டு,
ஜாமீனுக்குத் தம்பி.
கடைசிப் பக்கம் தலைமையகத்துக்கு:
வாங்குபவரின் வாழ்க்கைமுறை, ஒன்றை மட்டும் குறிக்கவும்.
நகரம். குடும்பம். சாகசம்.
"சாகசம்னா என்ன பிள்ளை?"
"துணிஞ்சு போறது."
"எங்கே?"
"எங்கேயாச்சும்."
"அதையே போடு.
பாலாக்கு லாரிக்கு நடுவுல
நான்தானே ஓட்டப்போறேன்."

நேற்று அந்தத் தலைமையகத்தார் கூப்பிட்டார்.
மிஸ் எம் மாதிரி யாராவது வந்தார்களா?
வந்தாங்க, என்றேன்.
நாய் வளர்க்கிறாரா?
அதைக் கேட்க விட்டுப்போச்சு, சார்.
பேங்க் பதில் வரட்டும்,
கேட்டுச் சொல்கிறேன்.